நூலகத்துக்கு அனுப்பப்படும் நாலு பேர்

தம்பி,

நீ கேட்ட காணொளி வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் எங்கேயாவது இணைப்பு கொடுத்திருக்கிறேனா என்று கடைசி வரி வரை தேடிக்கொண்டேதான் படிப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "மா, லைன் கட்டாயிருச்சா?" என்று இரண்டு முறை கேட்டாய். லைன் கட்டாகவில்லை. கோபத்தில் எனக்கு வாய் எழவில்லை. முன்பெல்லாம் கோபம் வந்தால் பொரிந்து தள்ளுவேன். ஓய்வு பெற்ற பிறகு என்னவோ, கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னோடு வேலை பார்க்கிற ஆசிரியர்களுக்கும் இதைக் காட்டு. அவர்களில் பாதிப் பேராவது இதே தில்லுமுல்லைச் செய்துகொண்டிருப்பார்கள்.

நீ என்ன சொன்னாய் என்பது உனக்கே மறந்திருக்கும், அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். "வர்ற வியாழக்கிழமை அப்சர்வேஷன் மா. மேலேருந்து மூணு பேரு வர்றாங்க. பிலிப்டு கிளாஸ்ரூம் காட்டச் சொல்லியிருக்காங்க. உங்க துருப்பிடித்தல் வீடியோவ பிள்ளைங்களுக்கு மொதல்லயே அனுப்பிட்டா, கிளாஸ்ல ஆக்டிவிட்டி மட்டும் செஞ்சிறலாம். நாலு பேரு மட்டும் எத அனுப்பினாலும் பாக்கவே மாட்றாங்க. அன்னிக்கு அவங்கள லைப்ரரில உக்கார வச்சிறலாம்னு எச்.எம் சொல்றாரு. ஒரு மணி நேரம்தானே லா." கலும்பாங் பக்கம் வேலைக்குப் போய் உனக்கு இன்னும் ஆறு மாதம் முடியவில்லை. முப்பது வருட சர்வீஸில் நான் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட அயோக்கியத்தனம் உனக்கு ஆறே மாதத்தில் கைவந்துவிட்டது. பெற்றவளுக்குப் பெருமையாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தத் தலைகீழ் வகுப்பறையை நான் கேலி செய்யவில்லை. நல்ல யோசனைதான். ஆசிரியர் விளக்குவதைப் பிள்ளை வீட்டிலேயே காணொளியில் பார்த்துவிட்டு வரவேண்டும், பள்ளி நேரத்தைச் செய்து பார்க்கவும் கேள்வி கேட்கவும் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் என்ன குறை? குறை நம்மிடம்தான். நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை நமக்கு ஒரு புதுப் பெயர் வந்து சேரும். பெயர் வந்த கையோடு ஹோட்டலில் ஒரு பட்டறை. காலையில் கறிபாப், பத்தரைக்கு மீ கோரெங், மத்தியானம் கோழி பெரட்டல். இந்தப் பெயருக்கு நடந்த பட்டறையில், வகுப்பறையை விட்டுத் தப்பித்துப் போய்ப் பல வருடமான ஒருவர் மேடையேறி, ஆசிரியர்கள் விரிவுரை ஆற்றுவதை நிறுத்தவேண்டும் என்று மூன்று மணி நேரம் விரிவுரை ஆற்றினார். நாங்கள் எண்பது பேர் மாடு மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு அதைக் குறிப்பெடுத்தோம். தலையாட்டியவர்களில் முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான்தான். அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் கை தூக்கியவளும் நான்தான்.

அதற்குப் பிறகு நான் அடித்த கூத்து உனக்குத் தெரியும், அப்போது நீ புஞ்சாக் ஆலாமில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாய். உன் அறையைத்தான் ஸ்டூடியோ ஆக்கினேன். சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டி, மேசை விளக்கை முகத்தில் அடித்துக்கொண்டு பேசுவேன். மின்விசிறி சத்தம் விழுகிறது என்று அதை நிறுத்திவிடுவேன். உன் அப்பா வேர்க்க விறுவிறுக்கப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நாற்பது காணொளிகள் எடுத்தேன். மற்றப் பள்ளி ஆசிரியர்கள் கேட்டு வாங்கினார்கள். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நானும் நாலைந்து ஹோட்டல்களில் மேடையேறி அதே விரிவுரையை ஆற்றினேன், அதே கறிபாப்பைத் தின்றேன். ஆனால் என் வகுப்பில் என்ன நடந்தது தெரியுமா? "வீடியோ பாத்தீங்களா?" என்று கேட்பேன். பாதிப் பேர் பார்த்தோம் என்பார்கள். எனக்கு நம்பிக்கை வராது. ஒரு தடவை சொல்லிவிடுவோமே என்று காணொளியில் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொல்லிவிடுவேன். மணி அடித்துவிடும். செய்து பார்க்கக் கொண்டுவந்த ஆணியும் போத்தலும் அப்படியே அலமாரிக்குத் திரும்பும். பார்த்துவிட்டு வந்த பிள்ளை கொட்டாவி விடும், பார்க்காத பிள்ளை தப்பித்தோம் என்றிருக்கும். அதற்குத்தான் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

யுகேஸ்வரியைப் பற்றி உன்னிடம் நான் சொன்னதில்லை. உன் அப்பாவிடமும் சொன்னதில்லை. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பதினான்கு பேர் இருந்தார்கள், அதில் ஒருத்தி. அவள் அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டப் போகிறவர். வீட்டில் இருந்தது ஒரே போன். வேலை ஏவுகிற மண்டோர் கூப்பிடுவார் என்று விடியும் முன்பே அது அவர் சட்டைப்பையில் ஏறிப் போய்விடும். திரும்பி வரும்போது பேட்டரி செத்திருக்கும், இல்லையென்றால் டேட்டா தீர்ந்திருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். தெரியும். அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய் அவள் அம்மாவிடம் பேசியிருக்கிறேன். தெரிந்துகொண்டே, பெயர்ப் பட்டியலில் அவள் பெயருக்கு நேராக 'ஈடுபாடு குறைவு' என்று எழுதி வைத்தேன்.

எனக்கும் ஒரு நாள் மூன்று அதிகாரிகள் வந்தார்கள். பாடமும் அதே துருப்பிடித்தல்தான். ஒரு வாரத்துக்கு முன்பே ஒத்திகை தொடங்கிவிட்டது. யார் எந்தக் கேள்விக்கு எழுந்திருக்க வேண்டும், யார் முதலில் தடுமாறிப் பிறகு சரியாகச் சொல்ல வேண்டும் என்பது வரை நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். தடுமாறாமல் சொன்னால் ஒத்திகை பார்த்தது தெரிந்துவிடுமாம், அவ்வளவு கெட்டிக்காரி நான். காணொளி பார்க்காத பிள்ளைகள் நாலு பேர். உன் கணக்கும் நாலு, என் கணக்கும் நாலு. அன்று காலையில் அவர்களைக் கூப்பிட்டு, நூலகத்தில் புத்தகம் அடுக்க வேண்டும் என்று சொன்னேன். மூன்று பேர் துள்ளிக்கொண்டு ஓடினார்கள். யுகேஸ்வரி மட்டும் வாசலில் நின்றாள்.

"டீச்சர், நான் வீடியோ பாக்கலதான். ஆனா துரு எனக்குத் தெரியும் டீச்சர். அப்பா அறுவாள நான்தான் தொடப்பேன். மழ நாள்ல எண்ண போடலன்னா செவந்துரும்" என்றாள்.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம். போ, புக்க அடுக்கு" என்றேன்.

அப்புறம் பேசவே இல்லை. பாடம் பிரமாதமாக நடந்தது. பிள்ளைகள் நான் கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொன்னார்கள். தடுமாற வேண்டியவன் அழகாகத் தடுமாறினான். கடைசியில் வந்தவர்களில் ஒருவர் ஒத்திகையில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார். "உங்க வீட்ல எதுலலாம் துரு புடிக்குது? புடிக்காம இருக்க வீட்ல என்ன செய்றீங்க?" பத்துப் பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒரு பிள்ளை எழுந்து, "இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் தேவை" என்று ஒப்பித்தது. உடனே எல்லாரும் அதையே சேர்ந்து சொன்னார்கள். கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று. அந்த மனிதருக்கு அது போதுமானதாக இருந்தது. தலையை ஆட்டி ஏதோ எழுதிக்கொண்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கம் கதைப் புத்தகங்களை உயரப்படி அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அது அந்த நிமிடமே தெரிந்தது. தெரிந்தும் சிரித்துக்கொண்டே படத்துக்கு நின்றேன். அந்தப் படம் வெகுநாள் பள்ளி அலுவலகத்தில் மாட்டியிருந்தது.

நடந்தது அதோடு முடிந்திருந்தால் ஒரு மணி நேரம்தானே என்று நானும் சொல்லிவிடுவேன். அடுத்த மாதம் யாரோ பள்ளியைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். நான் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. வெளியே கார் நின்றதைப் பார்த்ததும் யுகேஸ்வரி பென்சில் பெட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்து நூலகத்துக்குப் போய்விட்டாள். பிறகு ஆளே வராத நாட்களிலும் மேசைக்குப் பக்கத்தில் வந்து, "டீச்சர், இன்னிக்கு வீடியோ பாக்கல, நான் போகட்டுமா?" என்று கேட்கத் தொடங்கினாள். முதல் இரண்டு தடவை வேண்டாம், உட்கார் என்றேன். அதற்குப் பிறகு, உண்மையைச் சொல்கிறேன், சரி போ என்றேன். அவள் இல்லாமல் பாடம் வேகமாக நகர்ந்தது. அந்த வருடம் முழுக்க நூலகம் பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீ நினைப்பதுபோல் நான் இந்தத் தலைகீழ் வித்தையைப் பட்டறையில் கற்றுக்கொண்டவள் இல்லை. அதை முதலில் உன்னிடம்தான் செய்தேன். நீ என் வகுப்பிலேயே படித்தாய். மறுநாள் நடத்தப்போகிற பாடத்தை முதல் நாள் சாயங்காலமே உனக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். மறுநாள் நீ முன்வரிசையில் உட்கார்ந்து கை தூக்குவாய். டீச்சர் மகன் மக்கு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் என் கல்விக் கொள்கை. உன் அப்பா செம்பனைப் பழ ஆலையிலிருந்து வந்து குளித்துவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் கேட்டார், "நாளைக்குக் கேக்கப்போறத இன்னிக்கே சொல்லிட்டா, அப்புறம் அவன் எதுக்கு ஸ்கூலுக்குப் போறான்?" நான், "ஒங்களுக்கு என்ன தெரியும், நீங்க போயி டிவியப் பாருங்க" என்றேன். ஆறாம் வகுப்போடு நின்றவர் என்ற இளக்காரம் எனக்கு. அவர் டிவி பக்கம் போய்விட்டார். கற்பித்தலைப் பற்றி இந்த வீட்டில் யாராவது ஒழுங்காக ஒரு கேள்வி கேட்டிருந்தால் அது அவர்தான்.

பல்கலைக்கழகத்துக்கு முன் நீ மெட்ரிகுலேஷனில் முதல் பௌதிகச் சோதனையில் தோற்றுவிட்டு வந்தாயே, அது நினைவிருக்கிறதா? வாரக் கடைசிக்கு வந்தவன் கட்டிலில் சுருண்டு படுத்து, திரும்பிப் போகமாட்டேன் என்றாய். ஏன் என்று கேட்டதற்கு, "சார் சொல்லிக் குடுக்கறதுக்கு முன்னாடியே கேள்வி கேக்கறாரு மா" என்றாய். அந்த விரிவுரையாளரை நான் அன்று முழுக்கத் திட்டித் தீர்த்தேன். பாவம், அந்த மனிதர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். தெரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று உனக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் 'தெரியல' என்று சொல்லிவிட்டு, வெட்கமில்லாமல் யோசிக்க உனக்கு வரவில்லை. அதை உன்னிடமிருந்து பிடுங்கியவள் நான். உன்னைக் கெட்டிக்காரனாகக் காட்ட எடுத்த முயற்சியில் உன்னைப் பயந்தாங்கொள்ளியாக்கிவிட்டேன். வியாழக்கிழமைக்காக நீ இப்படி நடுங்குவதும் அதனால்தான்.

கற்றல் சுழற்சி என்று ஒன்று உண்டு, உனக்கும் தேர்வில் வந்திருக்கும். ஆர்வத்தைத் தூண்டு, ஆராய விடு, பிறகு விளக்கு, விரிவாக்கு, கடைசியில் மதிப்பிடு. என் வகுப்புச் சுவரில் ஐந்து வண்ணத்தில் அதை வட்டமாக வரைந்து ஒட்டியிருந்தேன். விளக்கம் மூன்றாவதாக வருகிறது என்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே, அதைக் காணொளியாக்கி முதலில் அனுப்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குக் கேள்வியே வராத நேரத்தில் பதிலைக் கொண்டுபோய்த் திணித்தால் அது எப்படி உள்ளே போகும்? இது புரிய எனக்கு ஓய்வு பெறும் வருடம் வரை ஆனது. அந்தக் கடைசி வருடம் காணொளி அனுப்புவதை நிறுத்தினேன். வீட்டில் துருப்பிடித்த சாமான் எதுவோ அதைக் கொண்டு வாருங்கள் என்றேன். சைக்கிள் செயின், கேட்டுத் தாழ்ப்பாள், ஒடிந்த மண்வெட்டி எல்லாம் வந்தன. பிள்ளைக்குத் தகரம் கீறிவிட்டது என்று ஒரு தாய் சண்டைக்கு வந்தார். துரு இரும்புக்குள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்து வந்து ஒட்டுகிறதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள். போத்தல்களில் ஆணி போட்டுச் சில நாள் வைத்தோம். ஒருத்தன் தினமும் மூடியைத் திறந்து பார்த்துச் சோதனையையே கெடுத்தான். நாலாம் நாள், "டீச்சர், சொல்லிருங்க டீச்சர்" என்று கெஞ்ச ஆரம்பித்தார்கள். அப்போதுதான் பள்ளித் திரையில் அந்தப் பழைய காணொளியைப் போட்டேன். போன் இருக்கிற பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். அதிசயமெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை, பரீட்சையில் இரண்டு பேர் தப்பாகத்தான் எழுதினார்கள். ஆனால் யாரும் எழுந்து நூலகத்துக்குப் போகவில்லை. யுகேஸ்வரி அதற்குள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள்.

போன மாதம் அவளைப் பார்த்தேன். கோலசிலாங்கூரில் நாம் எப்போதும் போகிற முஸ்லிம் கடையில், அவள் அம்மாவோடு ரொட்டி சானாய் பார்சலுக்கு நின்றுகொண்டிருந்தாள். வளர்ந்துவிட்டாள். அவளேதான் வந்து, "டீச்சர், நல்லாருக்கீங்களா?" என்று கேட்டாள். இடைநிலைப்பள்ளியில் எந்தப் படிவம் என்றேன். படிவம் இரண்டு என்றாள். அறிவியல் எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"ஓகே டீச்சர்."

"லேப்ல என்னெல்லாம் செய்றீங்க?"

"அவங்கல்லாம் செய்வாங்க டீச்சர். முடிஞ்சதும் நான் பீக்கரெல்லாம் கழுவி வச்சிருவேன்."

"யாரு ஒன்னக் கழுவச் சொன்னது?"

"யாரும் சொல்லல டீச்சர். நானாத்தான்" என்று சிரித்தாள். அவளுக்கு என்மேல் ஒரு வருத்தமும் இல்லை. அவள் அம்மா வேறு, "டீச்சர்னா இவளுக்கு உசுரு" என்றார். எனக்கு அங்கேயே காலில் விழ வேண்டும்போல் இருந்தது. விழவில்லை. நல்லா படி என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கக்கூடத் துப்பில்லாதவள் உனக்குப் புத்தி சொல்கிறாள் என்று நினைத்துக்கொள், பரவாயில்லை. சொல்வதைச் செய்.

வியாழக்கிழமை அந்த நாலு பேரும் வகுப்பில் இருக்க வேண்டும். காணொளி எதையும் அனுப்பாதே. நாலு ஆணியையும் நாலு போத்தலையும் எடுத்துக்கொண்டு போ. எது துருப்பிடிக்கும், ஏன் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். மூடுவதுதான் கஷ்டம், நாக்கு துடிக்கும். பிள்ளைகள் தப்புத் தப்பாகச் சொல்வார்கள். சத்தம் போடுவார்கள். ஒன்றும் முடிவதற்குள் மணி அடித்துவிடும். வந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குறைவாகப் போடுவார்கள். தலைமையாசிரியர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். "ஒன்ன நம்பித்தானே தம்பி இத ஒத்துக்கிட்டேன்" என்பார், எனக்கும் ஒருவர் அப்படிச் சொன்னார். கேட்டுக்கொண்டு நில். ஆறு மாத வாத்தியாருக்குப் போக என்ன மானம் இருக்கிறது? எல்லாம் முடிந்து, பிள்ளைகள் விளக்கத்தைக் கேட்டு உன்னைப் பிடுங்குகிற நாளில் போன் செய். நாற்பதையும் தருகிறேன்.

இதையெல்லாம் உன் பிடிவாதம் தாண்டி உள்ளே போக வைக்க வேறு என்ன சொல்வது என்று யோசித்தபோது இன்னொன்று நினைவுக்கு வந்தது. நீ ஆறாம் ஆண்டில் இருந்தபோதும் என் வகுப்பைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். அப்போது காணொளி கிடையாது, தலைகீழ் வகுப்பறை கிடையாது, ஆனாலும் சில பிள்ளைகளை வெளியே அனுப்பினேன். யார் யார் என்று மூன்று நாளாக நினைத்துப் பார்க்கிறேன். ஒரு முகமும் வரவில்லை. இரண்டு பேரா, ஐந்து பேரா என்றுகூடத் தெரியவில்லை. அவர்கள் உன் வகுப்புத் தோழர்கள் ஆயிற்றே, உன்னைக் கேட்டால் தெரியும் என்று போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். உனக்குத் தெரிந்திருக்காது. அவர்கள் எழுந்து போனது உனக்குப் பின்னால். நீ என்னையே பார்த்துக்கொண்டு கை தூக்கியிருந்தாய்.

அம்மா